மலிவு நூலும் திருட்டு நூலும்



ஒரு சிலேட்டுப் பலகையைவிடச் சிறியது. எடையோ ஒரு நோட்டுப் புத்தகத்தின் எடைதான். அதற்குள் ஆயிரம் நூல்கள் அடங்கிவிடுகின்றன. மின்னூல் படிக்கும் கருவி என்று இன்று நாம் வழங்கும் பொருளைத்தான் சொல்கிறேன். அதன் திரையினுள்ளே மயிரிழையின் பருமனே உள்ள நுண்ணிய சிமிழ்கள் நிறைந்திருக்கின்றன. அச்சிமிழ்களில் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் மிதக்கின்றன. மின்விசையை ஒரு வகையாகச் செலுத்தினால் கறுப்புத் துகள்கள் மேலே வருகின்றன. மாற்றிச் செலுத்தினால் வெள்ளைத் துகள்கள் மேலே வருகின்றன. இவ்வாறு எழுத்தும் தாளும் போன்ற தோற்றம் உண்டாகிறது. அத்தோற்றத்தை நிலைநிறுத்த மின்சாரம் வேண்டுவதில்லை. பக்கம் மாறும்போதே அது செலவாகிறது. ஆதலின் ஒருமுறை மின்னேற்றினால் இக்கருவி நெடுநாள் பயன்படுகிறது.

அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் இத்தகைய கருவியை 2007-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தபோது அதன் விலை 399 டாலர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2012-இல், அதே நிறுவனத்தின் எளிய கருவி ஒன்று விளம்பரங்களுடன் 69 டாலருக்கு விற்றது. கருவி மலிவாயிற்று. ஆனால் அதனுள் இட்டுப் படிக்கவேண்டிய நூல்கள் எல்லாம் அவ்வாறு மலிந்துவிடவில்லை. இங்கேதான் ஒரு வழக்குப் பிறக்கிறது.

“கருவியை வாங்கவே பெரும்பாடுபட்டேன். நூலை ஒருமுறை கணிப்பொறியில் ஏற்றியபின் ஆயிரம் பிரதிகள் எடுப்பதற்கும் செலவு இல்லை. அப்படியிருக்க, விலை கொடாமல் பிரதி எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?” என்று ஏழை மாணவன் கேட்கிறான். “பல ஆண்டு உழைத்து எழுதினேன். என் நூலை ஆயிரம் பேர் படிக்கிறார்கள். பத்துப் பேரே வாங்குகிறார்கள். அடுத்த நூலை நான் எதைக் கொண்டு எழுதுவேன்?” என்று எழுத்தாளர் கேட்கிறார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆகையால்தான் இவ்வழக்கு எளிதில் தீருவதாக இல்லை.

இவ்வழக்கு கணிப்பொறியோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. உரிமையின்றி நூலை அச்சிடுவோரைக் கடற்கொள்ளையர் என்று பழிக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மலிவு நூல் வேறு, திருட்டு நூல் வேறு என்னும் உண்மையை உலகம் நீண்ட போராட்டத்தின் பின்னரே அறிந்துகொண்டது. அப்போராட்டத்தின் வரலாற்றை அறிந்தால், இன்று நம் கையிலுள்ள கருவியை எவ்வாறு பயன்படுத்துவது என்பதும் விளங்கும். ஆகவே, சற்றேறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய லண்டன் நகருக்கு உங்களை அழைத்துச் செல்லுகிறேன்.

அங்கே புத்தக வியாபாரிகளுக்கும் அச்சடிப்போருக்கும் ஒரு சங்கம் இருந்தது. 1557-ஆம் ஆண்டில் அரசப் பட்டயம் பெற்ற சங்கம் அது. அச்சங்கத்தின் ஏட்டில் ஒருவர் ஒரு நூலைத் தம் பெயரால் பதிந்துகொண்டால், அதை வேறொருவர் அச்சிடலாகாது. அரசாங்கத்திற்கும் இவ்வேற்பாடு உவப்பாக இருந்தது. ஏனெனில் அச்சுக்கூடங்கள் ஒருசிலர் கையில் அடங்கியிருந்தால், தனக்கு ஒவ்வாத கருத்துகள் பரவாமல் தடுப்பது எளிது. இம்முறையில் நூலை எழுதியவருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் தம் கையெழுத்துப் பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால் அத்தோடு சரி. ஜான் மில்டன் தம் பெருங்காப்பியமாகிய ‘பாரடைஸ் லாஸ்ட்’டுக்காக 1667-இல் முதலில் பெற்ற தொகை ஐந்து பவுன். முதற்பதிப்பு விற்றபின் மேலும் ஐந்து பவுன் பெற்றார். அவர் மறைந்தபின் எஞ்சிய உரிமையை 1680-இல் அவருடைய மனைவியார் எட்டுப் பவுனுக்குக் கொடுத்துவிட்டார். பின்னாளில் அக்காப்பியத்தால் செல்வம் ஈட்டியவர்கள் மில்டனின் மக்கள் அல்லர், புத்தக வியாபாரிகளே.

அச்சுக்கூடங்களைக் கட்டுப்படுத்திய சட்டம் 1695-ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. வியாபாரிகள் கலங்கினர். தங்கள் உரிமையைக் காக்குமாறு பாராளுமன்றத்திடம் பலமுறை முறையிட்டனர். அதன் பயனாக ராணி ஆன் காலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. 1710-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. உலகின் பதிப்புரிமைச் சட்டங்களுக்கெல்லாம் மூத்தது என்று அதனைச் சொல்லுவர்.

அச்சட்டத்தின் பெயரே சிந்திக்கத்தக்கது. வியாபாரிகளின் உடைமையைக் காக்கும் சட்டம் என்று அதற்குப் பெயரிடவில்லை. கல்விக்கு ஊக்கமளிக்கும் சட்டம் என்றே பெயரிட்டார்கள். நான்கு செய்திகளை அதில் காணலாம். முதலாவது, உரிமை எழுதியவரிடமிருந்து தொடங்குகிறது. இரண்டாவது, அவ்வுரிமைக்குக் கால எல்லை உண்டு: புதிய நூலுக்குப் பதினான்கு ஆண்டுகள், அக்காலம் முடிந்தபோது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகள். முன்பே வெளிவந்திருந்த நூல்களுக்கு இருபத்தோர் ஆண்டுகள். மூன்றாவது, ஒவ்வொரு நூலிலும் ஒன்பது பிரதிகளைக் குறிப்பிட்ட நூல்நிலையங்களுக்கு அளித்தல் வேண்டும். நான்காவது, ஒரு நூலின் விலை அளவுக்கு மிஞ்சியதென்று தோன்றினால், கான்டர்பரிப் பேராயர் முதலிய பெரியோர்களிடம் யாரும் முறையிடலாம். இந்த விலைப் பிரிவு பின்னர் நீக்கப்பட்டது. எனினும் எழுதியவர், படிப்பவர் ஆகிய இருவரையும் ஒருசேர நினைத்துச் செய்த சட்டம் அது என்பதற்கு அப்பிரிவே சான்று.

இருபத்தோர் ஆண்டுகள் உருண்டோடின. 1731-இல் பழைய நூல்களின் உரிமைக்காலம் முடிந்தது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் இனி எல்லோருக்கும் பொது என்று சட்டத்தைப் படித்தவர்கள் நினைத்தார்கள். லண்டன் வியாபாரிகள் அவ்வாறு நினைக்கவில்லை. “சட்டம் தரும் உரிமை முடிந்திருக்கலாம்; அதற்கு முன்னிருந்தே வரும் பொதுவழக்கின்படி எங்கள் உரிமை முடிவே இல்லாதது. நிலத்தை வாங்கியவனுக்கு அது பரம்பரைச் சொத்தாவதுபோல, நூலை வாங்கிய எங்களுக்கு அது பரம்பரைச் சொத்து” என்பது அவர்கள் வாதம். ‘பாரடைஸ் லாஸ்ட்’டைப் பிறர் அச்சிடலாகாது என்று 1739-இல்கூட அவர்கள் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். மில்டன் இறந்து அப்போது அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன!

இந்நிலையில் இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் அந்நாளில் கொள்ளை என்றே தூற்றப்பட்டன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முதல் நிகழ்ச்சி 1753-இல் நடந்தது. புகழ்பெற்ற நாவலாசிரியராகிய சாமுவேல் ரிச்சர்ட்சன் தாமே ஓர் அச்சுக்கூடத்தின் உரிமையாளர். அவர் தம் புதிய நாவலாகிய ‘சர் சார்லஸ் கிராண்டிசன்’ என்பதை அச்சிட்டுக்கொண்டிருந்தார். 1710-ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்தில் செல்லாது. டப்ளின் நகர வியாபாரிகள் சிலர், ரிச்சர்ட்சனின் அச்சுக்கூடத்திலிருந்தே அச்சிட்ட தாள்களைக் களவாகப் பெற்று, அவர் நூல் வெளிவருமுன்னரே தம் பதிப்பை ஆயத்தம் செய்துவிட்டனர். உயிரோடிருக்கும் ஆசிரியர், உலகத்துக்கு இன்னும் வழங்கப்படாத நூல், நம்பிக்கைத் துரோகத்தால் கிடைத்த தாள்கள். அவர் தம் குறையை அச்சிட்டு ஊரறிய வெளியிட்டார். எனினும் அயர்லாந்தின் சட்டம் அவருக்குத் துணை செய்யவில்லை.

இரண்டாம் நிகழ்ச்சியின் தலைவர் எடின்பரோ நகரத்துப் புத்தக வியாபாரி அலெக்சாண்டர் டொனால்ட்சன். உரிமைக்காலம் முடிந்த நூல்களை மலிவாக அச்சிடுவது அவர் தொழில். 1763-ஆம் ஆண்டளவில் அவர் லண்டனிலேயே ஒரு கடையைத் திறந்து, மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்கலானார். வியாபாரிகள் கொதித்தெழுந்தனர். அகராதி இயற்றிய அறிஞர் சாமுவேல் ஜான்சனிடம் ஒருவர், ஏழை மாணவர்கள் வாங்கிப் படிக்கவே டொனால்ட்சன் விலையைக் குறைக்கிறார் என்று பரிந்து பேசினாராம். அதற்கு ஜான்சன், அப்படியே வைத்துக்கொண்டாலும் பணக்காரரைக் கொள்ளையிட்டு ஏழைகளுக்குக் கொடுத்த ராபின்ஹூட்டுக்கு மேலானவர் அல்லர் அவர் என்ற கருத்தில் மறுமொழி தந்ததாக ஜேம்ஸ் பாஸ்வெல் எழுதியுள்ளார். இன்று மின்னூலைப் பற்றி நாம் கேட்கும் வாதமும் எதிர்வாதமும் 1763-இலேயே இவ்வாறு பேசப்பட்டிருப்பது வியப்பன்றோ?

வழக்கு நீதிமன்றம் ஏறியது. அதற்குக் காரணமான நூல், ஜேம்ஸ் தாம்சன் என்னும் புலவர் இயற்றிய ‘பருவங்கள்’ என்ற கவிதை நூல். தாம்சன் 1748-இல் காலமானார். அந்நூலின் சட்டப்படியான உரிமைக்காலமும் 1750-களின் இறுதிக்குள் முடிந்துவிட்டது. ஆயினும் ஆண்ட்ரூ மில்லர் என்ற வியாபாரி, அதை அச்சிட்ட ராபர்ட் டெய்லர் என்பவர்மீது வழக்குத் தொடுத்தார். 1769-இல் மான்ஸ்பீல்டு பிரபு தலைமையில் அமர்ந்த நீதிபதிகள் மூவர் மில்லர் பக்கமும், யேட்ஸ் என்ற ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கமும் நின்றனர். பதிப்புரிமை முடிவற்றது என்று தீர்ப்பாயிற்று. மில்லர் அதற்கு முன்னரே இறந்துவிட்டமையால், தாம்சன் நூல்களின் உரிமை ஏலத்திற்கு வந்தது. தாமஸ் பெக்கெட்டும் அவருடைய கூட்டாளிகளும் அதை 505 பவுனுக்கு எடுத்தனர். பின்னர், ‘பருவங்க’ளை அச்சிட்டிருந்த டொனால்ட்சன்மீது அவர்கள் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றனர்.

டொனால்ட்சன் அஞ்சவில்லை. ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் வேறொரு நூல் பற்றி அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், முடிவற்ற உரிமை என்பது கிடையாது என்று 1773-இல் தீர்ப்புப் பெற்றார். அவ்வழக்கில் அவருக்காக வாதாடிய வழக்கறிஞருள் ஒருவர் மேலே கூறிய பாஸ்வெல்லே. அடுத்து, பெக்கெட் பெற்ற தடையாணையை எதிர்த்து நாட்டின் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபையில் முறையீடு செய்தார். அங்கே கேம்டன் பிரபு முடிவற்ற உரிமைக்கு எதிராக முழங்கினார். அறிவு பொதுச்செல்வம், அதைச் சிலருடைய பூட்டுக்குள் என்றென்றும் வைத்தால் அவர்கள் கேட்ட விலையே விலையாகும் என்பது அவர் உரையின் சாரம். 1774-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் பிரபுக்கள் சபை டொனால்ட்சன் பக்கம் தீர்ப்பளித்தது. வெளிவந்த நூலுக்குச் சட்டம் குறித்த காலமே காலம். அதற்குமேல் உரிமை இல்லை. இச்செய்தி எட்டியதும் எடின்பரோவில் சொக்கப்பனை கொளுத்திக் கொண்டாடினார்கள் என்று அக்காலப் பத்திரிகைகள் கூறின.

இத்தீர்ப்பின் விளைவு யாது? தாங்கள் அழிந்தே போவோம் என்று வியாபாரிகள் அலறினார்கள். அவர்கள் அழியவில்லை. ஜான் பெல் என்பவர் 1777-இலிருந்து ஆங்கிலப் புலவர்களின் நூல்களை 109 சிறு தொகுதிகளாக, தொகுதி ஒன்றரை ஷில்லிங் விலையில் வெளியிடலானார். போட்டியைக் கண்ட லண்டன் வியாபாரிகள் ஒன்றுகூடி, தாங்களும் ஒரு வரிசை வெளியிடத் தீர்மானித்தார்கள். தங்கள் பதிப்பு உயர்ந்ததாக விளங்க வேண்டுமென்று, ஒவ்வொரு புலவருக்கும் முன்னுரை எழுதித் தருமாறு ஓர் அறிஞரை வேண்டினார்கள். அவ்வறிஞர் வேறு யாருமல்லர். டொனால்ட்சனை ராபின்ஹூட் என்று எள்ளிய அதே ஜான்சன்தான். அம்முன்னுரைகளே ‘புலவர்களின் வரலாறுகள்’ என்னும் பெயரால் இன்றும் போற்றப்படுகின்றன. மலிவுப் பதிப்பை எதிர்த்தவரின் சிறந்த நூல்களுள் ஒன்று, மலிவுப் பதிப்பின் போட்டியால் பிறந்தது. நேர்மையான மலிவு நூல் இலக்கியத்தைக் கெடுக்கவில்லை, வளர்த்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

டொனால்ட்சன் வென்றார் என்பதனால் யார் நூலையும் யாரும் அச்சிடலாம் என்று கொள்ளலாகாது. அவர் பெற்ற வெற்றி, எல்லை கடந்த உரிமைக்கு எதிரான வெற்றியே அன்றி, எல்லைக்குள் அடங்கிய உரிமைக்கு எதிரான வெற்றி அன்று. எல்லைக்குள் இருக்கும் உரிமையும் மதிக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை அறிய, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் செல்ல வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடு 1790-இல் தனக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டம் செய்தபோது, தன் நாட்டாருக்கு மட்டுமே பாதுகாப்பு அளித்தது. ஆங்கில நாட்டு ஆசிரியர்களின் நூல்களை அங்கே யாரும் விலையின்றி எடுத்து அச்சிடலாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் அமெரிக்கா சென்றார். ஊர்தோறும் அவருக்கு வரவேற்பு. அவர் நூலைப் படியாதவர் இல்லை. ஆயினும் அந்நூல்கள் பலவற்றால் அவருக்குக் கிடைத்த வருவாய் ஒன்றுமில்லை. நாடுகளுக்கிடையே பதிப்புரிமை வேண்டும் என்று அவர் விருந்துகளில் பேசியதும், பணத்தாசை பிடித்தவர் என்று பத்திரிகைகள் அவரைச் சாடின.

இதனால் டிக்கன்ஸ் ஒருவர் மட்டுமா நட்டமடைந்தார்? அமெரிக்க எழுத்தாளர்களும் நட்டமடைந்தார்கள் என்பதே இதில் நாம் உணரவேண்டிய பாடம். ஆங்கில நாவலை இலவசமாக எடுத்து அச்சிட முடியும்போது, உள்ளூர் ஆசிரியருக்குப் பணம் கொடுத்து நூல் வாங்கப் பதிப்பாளர் தயங்கினர். அயலார் உழைப்பைக் களவாடியதன் பலனை அந்நாட்டு இலக்கியமே ஒரு தலைமுறைக்குமேல் அனுபவித்தது. 1886-இல் பெர்ன் நகரில் நாடுகள் பல கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. அமெரிக்கா 1891-இல்தான், அதுவும் நிபந்தனைகளோடு, அயல்நாட்டு ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது.

சட்டம் துணை நின்ற இடத்திலும் எழுத்தாளர் பட்ட பாடு பெரிது. டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பரில் ஐந்து ஷில்லிங் விலையில் வெளிவந்தது. சில நாட்களுக்குள், அதைத் திரித்தெழுதிய பதிப்பொன்று லண்டனில் இரண்டு பென்னிக்கு விற்றது. டிக்கன்ஸ் வழக்குத் தொடுத்து வென்றார். தோற்றவர்கள் திவாலாகிவிட்டமையால் ஏறத்தாழ 700 பவுன் வழக்குச் செலவை வென்றவரே ஏற்க நேர்ந்தது. தண்டனையால் மட்டும் திருட்டுப் பதிப்பை ஒழித்தல் அரிது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டு, 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரின் வாழ்நாளும், அவருக்குப்பின் ஐம்பது ஆண்டுகளும் உரிமைக்காலம் என்று அது வகுத்தது. கவியரசர் தாகூர் மறைந்தது 1941-இல். அவர் நூல்களின் உரிமை 1991-ஆம் ஆண்டின் முடிவில் தீரவிருந்தபோது, அந்த ஐம்பது அறுபதாக நீட்டப்பட்டது. இன்றும் அறுபது ஆண்டுகளே சட்டம்.

உரிமைக்காலம் முடியும்வரை காத்திராமல் நூலை மக்களுக்குப் பொதுவாக்க நேர்மையான வழி ஒன்று உண்டு என்பதைத் தமிழகம் காட்டியது. மகாகவி பாரதியாரின் படைப்புகளுக்குரிய உரிமையை அந்நாளைய சென்னை அரசு 1949-இல் பெற்றுக்கொண்டது. பின்னர் அதை மக்களுக்கே பொதுவாக்கியது. அதன்பின் தமிழறிஞர் பலருடைய நூல்கள், அவர்களுடைய மரபுரிமையாளருக்குத் தொகை வழங்கி, நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களையும் உரிமை தடையில்லாத பிற நூல்களையும் தன்னார்வலர்கள் பலரின் உழைப்பால் மின்னூல்களாக்கி வழங்கி வருகிறது. அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971-இல் தொடங்கிய கூட்டன்பர்க் திட்டம் இத்தகைய பணிகளுக்கெல்லாம் முன்னோடி. மலிவான கருவி ஒன்றை வாங்கிய மாணவன், ஒரு காசும் செலவிடாமல், யாருக்கும் தீங்கிழையாமல், ஆயுள் முழுதும் படிக்கத்தக்க நூல்கள் இவ்வாறு குவிந்து கிடக்கின்றன. டொனால்ட்சன் வென்ற வழக்கின் கொள்கையே இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வழி திறந்தது.

மறுபுறம், மின்னூல் விற்போரிடமும் கேட்கவேண்டிய கேள்விகள் உள. 2009 ஜூலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய இரு நூல்களையும் அமெரிக்காவில் பலர் பணம் கொடுத்துத் தங்கள் கிண்டில் கருவியில் வாங்கியிருந்தனர். அம்மின்பதிப்பை விற்பனைக்கு வைத்தவருக்கு அந்நாட்டில் உரிமை இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. உடனே அமேசான் நிறுவனம், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அந்நூல்களைத் தொலைவிலிருந்தபடியே அழித்துவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் பாடத்திற்காகக் குறிப்புகள் எழுதி வைத்திருந்த மாணவரின் உழைப்பு வீணாயிற்று. அச்சு நூலை வாங்கினால் அது நம் அலமாரியில் இருக்கும்; நண்பனுக்கு இரவல் தரலாம்; பழைய புத்தகக் கடையில் விற்கலாம். மின்னூலில் பெரும்பாலும் நாம் வாங்குவது படிக்கும் அனுமதியை மட்டுமே என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டியது.

அதே ‘1984’ நூலைக்கொண்டு இன்னொன்றும் அறியலாம். ஆர்வெல் 1950 ஜனவரியில் காலமானார். நம் சட்டப்படி அறுபது ஆண்டுக் கணக்கு 2010-ஆம் ஆண்டின் முடிவில் தீர்ந்தது. ஆதலின் அவர் ஆங்கிலத்தில் எழுதிய மூலம் இன்று இந்தியாவில் பொதுச்சொத்து. அமெரிக்காவிலோ 2044 முடியும்வரை உரிமை நீடிக்கும். ஒரே நூலை அச்சிடுதல் ஒரு நாட்டில் அறச்செயல், மற்றொரு நாட்டில் குற்றம். உரிமையின் எல்லைக்கோடு இயற்கை வகுத்ததன்று. மக்கள் கூடி வகுத்தது. ஆகவே அது நியாயமான இடத்தில் இருக்கிறதா என்று கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு.

அவ்வாறு கேட்ட வழக்கொன்று நம் தலைநகரிலேயே நடந்தது. தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களுக்காக, பாடத்திற்கு வேண்டிய நூற்பகுதிகளை ஒரு நகலகம் படியெடுத்துத் தொகுத்துக் கொடுத்துவந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் வேறொரு பதிப்பகமும் 2012-இல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலின் பொருட்டுப் படியெடுத்தலுக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது என்பதைச் சுட்டி, 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டில் அவ்வாண்டு டிசம்பரில் வழக்கு மறுபடி ஆராயப் பணிக்கப்பட்டபோதும், கல்விக்குரிய விலக்கு நிலைநின்றது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆயினும் எல்லா வழக்குகளும் இவ்வாறு முடிவதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் அமெரிக்க மின்னூலகம், உரிமையுள்ள அச்சு நூல்களைப் படமெடுத்து மின்வடிவில் இரவல் கொடுத்து வந்தது. நான்கு பதிப்பகங்கள் 2020-இல் தொடுத்த வழக்கில், 2023-இல் கீழ்நீதிமன்றமும் 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தன. நோக்கம் நல்லதென்பது மட்டும் போதாது. எல்லைக்குள் நிற்கவும் வேண்டும் என்பது அத்தீர்ப்புகளின் போக்கு.

இதுகாறும் கூறியவற்றால் நாம் தெளிவது யாது? எழுதியவரின் உரிமைக்கு எல்லை வேண்டும்; எல்லையில்லாவிட்டால் அது வியாபாரியின் பூட்டாக முடியும். அந்த எல்லைக்குள் உரிமை மதிக்கப்பட வேண்டும். மதிக்கப்படாவிட்டால் எழுதுவோர் அருகி, நாளை படிப்பதற்கு நூல் இராது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்பவர் வரலாற்றின் பாதியையே படித்தவர்.

“நான் ஏழை, எனக்கு வேறு வழியில்லை” என்று சொல்லும் மாணவனை நான் திருடன் என்று அழைக்கமாட்டேன். பாடநூலுக்கு ஒரு மாத உணவுச் செலவை விலையாக வைப்பவரும் அக்குற்றத்தில் பங்குடையவரே. ஆனால் அம்மாணவனை ஒன்று கேட்பேன். தமிழில் நூல் எழுதுவோருள் எழுத்தால் மட்டும் பிழைப்பவர் மிகச் சிலர். சிறு பதிப்பாளர் பலர் கடன் வாங்கி நூல் அச்சிடுகிறார்கள். அவர்கள் நூலைப் படமெடுத்துப் பரப்பும்போது, பணக்காரன் எவனும் அங்கே கொள்ளை போவதில்லை. ஏழை ஒருவனின் உழைப்பையே இன்னோர் ஏழை எடுத்துக்கொள்கிறான். ராபின்ஹூட்டின் கதை அங்கே பொருந்துமா?

ஆகவே, ஒரு நூல் உங்கள் கருவிக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்தனவா, அல்லது நூல் நாட்டுடைமையானதா? ஆயின் மகிழ்ச்சியோடு படியுங்கள்; பிறருக்கும் கொடுங்கள். மொழிபெயர்ப்பும் உரையும் ஆயின் அவற்றைச் செய்தவரின் காலத்தையும் கணக்கிடுங்கள். இரண்டாவது, உரிமையுடையவரே இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தந்திருக்கிறாரா? அவ்வாறு தருபவர் பலர் இருக்கின்றனர். மூன்றாவது, உங்கள் ஊர் நூலகத்தில் அது கிடைக்குமா? இல்லையென்றால் வாங்கி வைக்குமாறு நூலகரிடம் எழுதிக் கொடுத்தீர்களா? 1710-ஆம் ஆண்டுச் சட்டமே ஆசிரியருக்கு உரிமையளித்த கையோடு நூலகத்திற்குப் பிரதிகளையும் அளித்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நூலகம் வாங்கும் ஒரு பிரதி, எழுதியவருக்கும் வருவாய். நூறு மாணவர்களுக்கும் கல்வி.

டொனால்ட்சன் மலிவு நூல் விற்று ஈட்டிய செல்வம் அவர் மகன் ஜேம்ஸ் கைக்கு வந்தது. அவர் 1830-இல் இறக்கும்போது, ஏழைச் சிறுவர்களுக்காக எடின்பரோவில் ஒரு நிலையம் அமைக்கத் தம் பெருஞ்செல்வத்தை எழுதி வைத்தார். 1850-இல் திறக்கப்பட்ட அது, காது கேளாத குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் பள்ளியாகப் பின்னர்ப் புகழ்பெற்றது. கொள்ளைக்காரன் என்று ஒரு காலத்தில் தூற்றப்பட்டவரின் பொருள், சட்டத்தின் எல்லைக்குள் ஈட்டப்பட்டமையால், மீண்டும் கல்விக்கே சென்று சேர்ந்தது.

மாணவச் செல்வங்களே, இன்று படிப்பவர்களாகிய உங்களுள் சிலர் நாளை எழுதுவோராகவும், சிலர் பதிப்பாளராகவும், சிலர் சட்டம் செய்வோராகவும் ஆவீர்கள். அப்போது விலையையும் உரிமைக்காலத்தையும் வகுக்கும் பொறுப்பு உங்கள் கையில் வரும். நூல் விலையின்றிக் கிடைக்காதா என்று ஏங்கிய நாளை அப்போது மறவாதீர்கள். எழுதுவோரின் உழைப்பை இப்போது மறவாதீர்கள்.